வெள்ளம் குடைந்த பாறை இடுக்கு: தேவகோட்டை ஆச்சியின் கேள்விகளுக்கு விடை

தேவகோட்டையைச் சேர்ந்த ஆச்சி ஒருவர் சில கேள்விகள் கேட்டிருக்கிறார். அவருடைய மகன் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில் பணியாற்றுகிறார். வருகிற ஆகஸ்டில் ஆச்சியும் அவருடைய கணவரும் அங்கே செல்லவிருக்கிறார்கள். ‘ஆண்டிலோப் கேன்யன்’ என்ற இடத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி மகன் படங்கள் அனுப்பியிருக்கிறார். பட்டுச் சேலை மடிப்புப் போலச் சுழன்று நிற்கும் அந்தப் பாறைச் சுவர்களை யாரேனும் செதுக்கினார்களா, படத்தில் தெரியும் நிறம் உண்மைதானா, முழங்கால் வலியுள்ள எழுபது வயதுக்காரர்கள் உள்ளே நடக்க முடியுமா, அவ்வளவு குறுகிய இடுக்குக்குள் போவது ஆபத்தில்லையா, நம் பக்கத்தில் இதுபோல் ஏதாவது உண்டா என்பன அவருடைய கேள்விகள்.

நான் காரைக்குடிக்காரன். பல ஆண்டுகள் கல்லூரியில் நிலவியல் கற்பித்தவன். அந்த இடத்துக்கு இருமுறை சென்றிருக்கிறேன். ஒருமுறை மே மாதத்தில் உள்ளே போய்க் கண்குளிரப் பார்த்தேன். இன்னொருமுறை ஆகஸ்ட் மாதக் கடைசியில் வாசல் வரை போய், வானிலை காரணமாக அன்றைய நுழைவு நிறுத்தப்பட்டதால் திரும்பி வந்தேன். இந்த இரண்டு அனுபவங்களும் சேர்ந்தே இந்தப் பதிலை எழுதவைக்கின்றன.

ஆச்சி, எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கப்போவது ஓர் ஓடை. மலைக்குகையும் அன்று, நிலநடுக்கத்தில் பிளந்த பாறையும் அன்று. நம் ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கும் வரத்துக்கால் எப்படி ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடந்து, மழை பெய்த அன்று மட்டும் உயிர்பெறுகிறதோ, அப்படிப்பட்ட ஒரு வரத்துக்கால்தான் அது. ஒரே வேறுபாடு, நம்முடைய வரத்துக்கால் செம்மண்ணிலும், செம்பூரான் என்னும் செந்நிறக் கல்லிலும் ஓடுகிறது. அது ஒரு பெரிய மணற்கல் திட்டின் உடலுக்குள் ஓடுகிறது. நாம் நடந்துபோகும் மணல் தரை அந்த ஓடையின் படுகை. இதைப் புரிந்துகொண்டால், அந்தச் சுவர்கள் ஏன் அப்படி வளைகின்றன என்பதும், எந்த மாதத்தில் போகவேண்டும் என்பதும், வழிகாட்டி சொன்னவுடன் ஏன் வெளியேற வேண்டும் என்பதும் ஒரே மூச்சில் விளங்கிவிடும்.

இத்தகைய இடங்களை ஆங்கிலத்தில் ‘ஸ்லாட் கேன்யன்’ என்பார்கள். அகலத்தைக் காட்டிலும் ஆழம் பல மடங்கு மிகுந்திருக்கும் பள்ளத்தாக்குக்கு இந்தப் பெயர். தமிழில் பிளவுப் பள்ளத்தாக்கு என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் ‘பிளவு’ என்ற சொல் பாறை தானாகப் பிளந்துகொண்டது போன்ற எண்ணத்தைத் தருவதால், பாறை இடுக்கு என்று எளிமையாகச் சொல்வதையே நான் விரும்புகிறேன். ஆண்டிலோப் கேன்யன் அரிசோனாவின் வடக்கு எல்லையில், பேஜ் என்ற சிற்றூரை ஒட்டி, நவஹோ என்னும் தொல்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. மேல் பகுதி, கீழ்ப் பகுதி என்று இரண்டு இடுக்குகள். இரண்டும் ஒரே ஓடையின் போக்கில் சற்றுத் தள்ளித் தள்ளி அமைந்தவை. மேல் இடுக்குக்கு நவஹோ மொழியில் வழங்கும் பெயருக்குப் ‘பாறைகளினூடே நீர் ஓடும் இடம்’ என்று பொருள். அந்த மண்ணுக்குரியவர்கள் அதை நீரின் இடமாகவே பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று.

அது யாரும் செதுக்கியதில்லை. பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரை வணங்கிவிட்டு வெளியே வரும்போது அந்தக் குடைவரையின் சுவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது கருங்கல் மலையில் உளி கொண்டு மனிதர் குடைந்தது. ஆகவே தளமும் விதானமும் தூணும் நேர்கோட்டில் நிற்கின்றன. ஆண்டிலோப் கேன்யனில் ஒரு நேர்கோட்டைக்கூடக் காணமுடியாது. அங்கே உளியாக இருந்தது மணல். அதைப் பிடித்துச் செலுத்திய கை, வெள்ளம்.

அந்தப் பாறை பிறந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஜுராசிக் காலத்தின் தொடக்கப் பகுதியில், இன்றைய யூட்டா, அரிசோனா மாநிலங்களும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளும் சேர்ந்து மாபெரும் பாலைவனமாக இருந்தன. தனுஷ்கோடியில் காற்று அள்ளிக் குவிக்கும் மணல்மேடுகளைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அவற்றைப் பன்மடங்கு பெரிதாக்கிக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை அடுக்கிப் பாருங்கள். காற்று ஒரு பக்கமிருந்து மணலைத் தள்ளிக்கொண்டுபோய் மேட்டின் மறுபக்கச் சரிவில் கொட்டும். காற்றின் திசை மாறினால் கொட்டும் சரிவும் மாறும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த மணல், தன் மேல் படிந்த படிவுகளின் பாரத்தால் அழுந்தி, நிலத்தடி நீரில் கரைந்துவந்த சுண்ணமும் சிலிக்காவும் இரும்பும் பசைபோல இடையில் படிந்து, கல்லாக இறுகிற்று. இதற்கு நவஹோ மணற்கல் என்று பெயர். அதிலுள்ள மணல் மணிகளின் மூலத்தை ஆராய்ந்த நிலவியலாளர்கள், அதில் பெரும்பகுதி கண்டத்தின் மறுகோடியிலுள்ள அப்பலாச்சியன் மலைகளிலிருந்து பழைய ஆறுகளால் அடித்துவரப்பட்டது என்று கண்டிருக்கிறார்கள். அந்த இடுக்கின் சுவரில் சாய்வாகச் செல்லும் மெல்லிய கோடுகளைப் பார்ப்பீர்கள். ஓரிடத்தில் இடப்புறம் சாய்ந்திருக்கும் கோடுகள், ஒரு முழம் தள்ளி வலப்புறம் சாயும். ஒவ்வொரு கோடும் ஒரு காலத்து மணல்மேட்டின் சரிவு; சாய்வு மாறுகிற இடம், காற்று திசை மாறிய இடம். பெரும்பாலான பயணிகள் நிறத்தில் மயங்கி இந்தக் கோடுகளைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்துவிடக் கூடாது என்பது என் விருப்பம்.

பாலைவனம் கல்லாகி, பிற்காலத்தில் அந்த நிலப்பரப்பு முழுவதும் மெல்ல மெல்ல உயர்ந்து மேட்டுநிலமாயிற்று. உயரும்போது பாறையில் நெடுக்கான விரிசல்கள் விழுந்தன. மழைநீர் விரிசலைத் தேடி இறங்கும் இயல்புடையது. அந்த நிலத்தில் மரம் செடி அரிது. மண் போர்வையும் மெலிது. பல இடங்களில் வெறும் பாறைதான் தரை. எனவே பெய்த மழையை உறிஞ்சிக்கொள்ள எதுவும் இல்லாமல், பல மைல் சுற்றளவில் விழுந்த நீர் முழுவதும் ஓடையில் திரண்டு, விரிசலுக்குள் ஒரே நேரத்தில் பாய்கிறது. வெறும் நீராகப் பாய்ந்திருந்தால் பாறை அவ்வளவு தேய்ந்திராது. வரும் வழியிலுள்ள மணலையும் சரளைக் கல்லையும் வாரிக்கொண்டு வருகிறது. நிலைக்கதவுக்கு மெருகேற்றும் தச்சர் கையிலிருக்கும் உப்புத்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். தாளில் ஒட்டியிருக்கும் மணல்தான் மரத்தைத் தேய்க்கிறது, தாள் அதைச் சுமந்து செல்கிறது. வெள்ளத்துக்கும் மணலுக்கும் உள்ள உறவும் அதுவே. ஒரு முறை வெள்ளம் வந்துபோனால் தேய்வது மிகச் சிறிதுதான். ஆயினும் அது எண்ணற்ற முறை வந்துபோயிருக்கிறது.

வெள்ளம் ஏன் பள்ளத்தாக்கை அகலமாக்காமல் ஆழமாக்கிக்கொண்டே போகிறது என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. மிக நல்ல கேள்வி அது. ஒரு பள்ளத்தாக்கு அகலமாவதற்குச் சுவர்கள் சரிய வேண்டும். மழை மிகுந்த நாட்டில் ஈரமும் வேரும் புழுபூச்சியும் சேர்ந்து சுவரை உளுக்கச் செய்து சரியவைக்கின்றன. வறண்ட நாட்டில் அந்த வேலை மிக மெதுவாக நடக்கிறது. ஆனால் அடித்தளத்தை அறுக்கும் வேலையோ வெள்ளம் வரும் ஒவ்வொரு முறையும் வேகமாக நடக்கிறது. அதோடு, நவஹோ மணற்கல் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே தன்மையுள்ள கல். நடுவில் மெத்தென்ற களிமண் அடுக்கு எதுவும் இருந்து, அது முதலில் கரைந்து, மேலிருப்பதைத் தாங்கமுடியாமல் விழச்செய்யும் நிலை அங்கே இல்லை. ஆகவே சுவர்கள் நிற்கின்றன, தரை இறங்கிக்கொண்டே போகிறது. அறுப்பது வேகமாகவும் சரிவது மெதுவாகவும் இருக்கும் இடத்தில்தான் இத்தகைய இடுக்குகள் உருவாகும்.

சுவரின் வளைவுகளுக்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. குறுகிய வழியில் வேகமாகப் பாயும் நீர் நேராக ஓடாது. ஒரு சுவரில் மோதி எதிர்ச்சுவருக்குத் திரும்பும். மோதும் இடத்தில் சுழி விழும். சுழியில் சிக்கிய சரளை வட்டமிட்டு வட்டமிட்டுப் பாறையைக் கிண்ணம்போலக் குடையும். பின்னொரு வெள்ளம் அந்தக் கிண்ணத்தின் அடியை உடைத்துக்கொண்டு கீழே இறங்கும்போது, பாதிக் கிண்ணம் மட்டும் சுவரில் மிஞ்சும். நீங்கள் படத்தில் சேலை மடிப்பு என்று கண்டது, ஒன்றன்கீழ் ஒன்றாக மிஞ்சிய அத்தகைய பாதிக் கிண்ணங்களின் வரிசை. ஒரு வளைவின் முன் நின்று, நீர் எந்தப் பக்கமிருந்து வந்து எங்கே மோதி எங்கே திரும்பியிருக்கும் என்று விரலால் காற்றில் கோடிட்டுப் பாருங்கள். கல் அசைவதுபோல் தோன்றும். நான் மே மாதம் போனபோது ஒரே வளைவின் முன் நெடுநேரம் நின்றுவிட்டதால், பின்னால் வந்தவர்களுக்கு வழிவிடச் சொல்லி வழிகாட்டிப் பெண்மணி இரண்டு முறை அழைக்க நேர்ந்தது.

வழிகாட்டிகள் சில உருவங்களைக் காட்டுவார்கள். கூந்தல் காற்றில் பறக்கும் பெண், கரடி, இதயம் என்றெல்லாம். நம் குன்றுகளில் ஆனைப்பாறை, ஆமைப்பாறை என்று பெயரிட்டு அழைக்கிறோமே, அதுபோலத்தான். பார்த்து மகிழலாம். ஆனால் உருவம் தேடுவதிலேயே நேரம் கழிந்துவிட்டால் கல்லைப் பார்க்க நேரமிராது.

அடுத்து நிறம். மணல் மணி ஒவ்வொன்றும் நிறமற்ற குவார்ட்ஸ். அதன்மேல் மிக மெல்லிய இரும்பு ஆக்சைடு படலம் போர்த்தியிருக்கிறது. நம் செம்மண்ணுக்கும் செம்பூரான் கல்லுக்கும் நிறம் கொடுப்பதும் இரும்புதான் என்பதால், அடிப்படையில் அந்தச் சிவப்பு உங்களுக்குப் பழகிய சிவப்பே. ஆனால் அந்த இடுக்கில் அது தீக்கொழுந்துபோல் ஒளிர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்குவது எளிது. வளவில் திறந்த முற்றத்தின் வழியே உச்சிவெயில் இறங்கி, சிவப்பு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விழும்போது, பக்கத்திலுள்ள வெள்ளைச் சுவரின் அடிப்பகுதி இளஞ்சிவப்பாகத் தெரிவதை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். சுவரில் சிவப்பு இல்லை. தரையில் பட்டுத் திரும்பிய ஒளி சிவப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் பூசுகிறது. பாறை இடுக்கில் இது பலமுறை நடக்கிறது. மேலே உச்சிச் சுவரில் பட்ட வெயில் எதிர்ச்சுவருக்குத் தாவி, அங்கிருந்து மீண்டும் இந்தச் சுவருக்குத் தாவி, கீழே இறங்க இறங்க ஒவ்வொரு தாவலிலும் நீலமும் பச்சையும் கல்லால் உறிஞ்சப்பட்டு, செம்மஞ்சளும் சிவப்பும் மட்டும் மிஞ்சுகின்றன. எனவே உச்சியில் வெளிர்மஞ்சளாகவும், நடுவில் செம்மஞ்சளாகவும், அதற்கும் கீழே ஆழ்ந்த சிவப்பாகவும் ஒரே கல் மூன்று நிறம் காட்டுகிறது.

படங்களில் தெரியும் ஊதா நிறத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. நேர்வெயிலின் எதிரொளி எட்டாத மூலைகளில், வானத்தின் நீல ஒளி மட்டும் மெல்லக் கசிந்து இறங்குவதால், அங்கே கல் சற்று நீலம் கலந்தாற்போல் இருப்பது உண்மை. ஆனால் கைப்பேசிக் கேமரா வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்யும்போது அந்த நீலத்தை ஊதாவாக மிகைப்படுத்திவிடும். கண்ணுக்கு அது அவ்வளவு அடர்த்தியாகத் தெரியாது. படத்தை எதிர்பார்த்துப் போய் ஏமாறிவிடாதீர்கள். கண் காண்பதே மென்மையானது, என் மனத்துக்கு அதுவே அழகானது. இன்னொன்று, சுவர்கள் நம் பழைய வீடுகளின் முட்டைவெள்ளைப் பூச்சுப்போலப் பளபளவென்று வழுக்கும் என்று எண்ணவேண்டாம். மணற்கல் சொரசொரப்பானது; உரசினால் உடையில் மணல் ஒட்டும். கையால் தேய்ப்பதும் பெயர் கிறுக்குவதும் கூடாது. அந்தக் கல் மனிதரின் உரசலைத் தாங்குமளவு கடினமானதன்று.

உச்சிவேளையில் மேலிருந்து தூணாக இறங்கும் ஒளிக்கற்றையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சூரியன் வானில் போதிய உயரம் ஏறும் காலத்தில் மட்டுமே, ஏறத்தாழ மார்ச் பிற்பகுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை, நண்பகலை ஒட்டி அது மேல் இடுக்கில் விழும். அந்த நேரத்துக்குக் கூட்டமும் கட்டணமும் மிகுதி. என் கருத்தில், ஒளிக்கற்றைக்காக அவ்வளவு முண்டியடிக்க வேண்டியதில்லை. காலை 9 மணி அளவில் சாய்ந்த வெயில் உச்சியை மட்டும் தொட்டு, கீழெல்லாம் எதிரொளியால் நிறைந்திருக்கும் நேரம் அதைவிட நிறைவானது.

முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் இருவருக்கும் மேல் இடுக்குதான் ஏற்றது. அது சுமார் 200 மீட்டர் நீளம், சுமார் 40 மீட்டர் ஆழம். தரைமட்டத்திலேயே நுழைவாயில் இருப்பதால், மணலில் நிதானமாக நடந்து உள்ளே போய்விடலாம். அங்கே அடிப்பகுதி அகன்றும் உச்சி குறுகியும் இருப்பதால் நெருக்கமும் குறைவு. பேஜ் ஊரிலிருந்து வழிகாட்டிகளின் வண்டியில் மணல் ஓடை வழியாகக் குலுங்கிக் குலுங்கிப் போகவேண்டியிருக்கும்; இடுப்பு வலி உள்ளவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வெளியேறும் வழியில் படிகள் எத்தனை என்பதைப் பதிவு செய்யும்போதே மகனைக் கேட்டுவைக்கச் சொல்லுங்கள். கீழ் இடுக்கு சுமார் 400 மீட்டர் நீளம். உச்சி அகன்று அடி குறுகிய அமைப்பு. சில இடங்களில் ஒரு காலடி வைக்க மட்டுமே இடம் இருக்கும். செங்குத்தான இரும்பு ஏணிகளில் இறங்கி ஏற வேண்டும். சுவரின் வளைவுகள் அங்கேதான் மிக நெருக்கத்தில் கிடைக்கும் என்பது உண்மை. ஆனாலும் முழங்கால் வலியோடு அங்கே இறங்க வேண்டாம். மகனும் மருமகளும் வேண்டுமானால் போய்வரட்டும்.

இனி ஆபத்து. இதை மூடிமறைக்காமல் எழுதுவது என் கடமை. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் இடுக்கில் திடீர் வெள்ளம் புகுந்து 11 பயணிகள் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை பெய்யவில்லை என்றே சொல்லலாம். பல மைல் தொலைவில், ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கொட்டிய இடிமழை, திரண்டு வந்து அந்த இடுக்கை நிரப்பிவிட்டது. அப்போது அங்கிருந்த மர ஏணிகள் வெள்ளத்தோடு போய்விட்டன. நம் ஊரிலும் வானம் வெளுத்திருக்கும்போதே வரத்துக்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மேற்கே எங்கோ பெய்திருக்கும். நம் வரத்துக்காலில் கரையேறிவிடலாம். அங்கே கரை என்பது 40 மீட்டர் உயரச் சுவர்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு நிலைமை மிகவும் மாறியிருக்கிறது. ஏணிகள் இரும்பால் செய்து பாறையில் முடுக்கப்பட்டுள்ளன. மேலிருந்து வீசினால் உள்ளே இருப்பவர்கள் பிடித்து ஏறுவதற்கான வலைகள் வைக்கப்பட்டுள்ளன. வானிலைத் துறையின் வானொலி எச்சரிக்கையை நுழைவிடத்தில் தொடர்ந்து கேட்கிறார்கள், அபாய ஒலிக்கருவியும் உண்டு. நவஹோ வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போகமுடியாது. அந்த ஓடையின் குணம் அறிந்தவர்கள் உடன் வருவதால் நீங்கள் அஞ்சவேண்டியதில்லை. அவர்கள் ‘வெளியே’ என்று சொன்னால், இன்னொரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு நொடிகூட நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். வெள்ளம் நின்றுவிடவில்லை என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 2006 அக்டோபர் 30 அன்று தொடங்கிய வெள்ளம் 36 மணி நேரம் நீடித்ததால், கீழ் இடுக்கை ஐந்து மாதம் மூடிவைக்க நேர்ந்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் உள்ளே மணல் தரை ஏறியோ இறங்கியோ விடுகிறது. இத்தகைய இடுக்குகளில் நடக்கும்போது அண்ணாந்து பாருங்கள். சில இடங்களில் தலைக்கு மேலே, இரு சுவர்களுக்கிடையே மரக்கட்டை செருகிக்கொண்டிருப்பதைக் காணலாம். யாரும் ஏறி வைத்ததன்று. வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்தபோது விட்டுப்போனது.

இதனால்தான் ஆகஸ்ட் மாதத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று உங்களைக் கேட்கிறேன். அரிசோனாவுக்கும் ஒரு பருவமழை உண்டு. ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை அதன் காலம் என்று வானிலைத் துறை வரையறுத்திருக்கிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் பிற்பகலில் மேகம் திரண்டு இடிமழை கொட்டுவது அங்கே வழக்கம். மே மாதமும் ஜூன் முற்பாதியும் பொதுவாக வறண்ட காலம்; ஒளியும் நன்றாக இருக்கும். பயணச்சீட்டு எடுத்தாயிற்று, மாற்ற இயலாது என்றால், காலை முதல் வேளைக்குப் பதிவு செய்யுங்கள். பேஜ் ஊரில் ஒரு நாள் மட்டும் தங்காமல் இரண்டு நாள் தங்கும்படி திட்டமிடுங்கள். முதல் நாள் நிறுத்திவிட்டாலும் அடுத்த நாள் வாய்ப்பிருக்கும். எனக்கு அந்த ஒரு நாள் கூடுதலாக இல்லாமற்போனதால்தான் இரண்டாம் முறை திரும்ப நேர்ந்தது. பீனிக்ஸிலிருந்து சுமார் 440 கிலோமீட்டர், காரில் நான்கரை மணி நேரம் ஆகும் என்பதால், ஒரே நாளில் போய்த் திரும்புவது உங்கள் வயதுக்கு நல்லதுமன்று. தங்கும் அந்த நாளில், பக்கத்திலேயே கொலராடோ ஆறு குதிரை லாடம்போல் வளைந்து செல்லும் ஹார்ஸ்ஷூ பெண்டையும், அணை கட்டித் தேக்கிய பவல் ஏரியையும் பார்த்துவிடலாம். ஆண்டிலோப் ஓடை கடைசியில் போய்க் கலப்பது அந்த ஏரியில்தான்.

சிறு விவரங்கள் சில. அரிசோனாவில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றி வைப்பதில்லை. நவஹோ நிலத்தில் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கிறார்கள். ஆண்டிலோப் பயணங்கள் பேஜ் ஊரின் நேரப்படியே நடப்பதால், கைப்பேசி காட்டும் நேரத்தை நம்பிக் குழம்பிவிடாமல் பதிவு செய்த இடத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பை, மூன்றுகால் தாங்கி, செல்ஃபி குச்சி ஆகியவற்றை உள்ளே அனுமதிப்பதில்லை. தண்ணீர் பாட்டில் அவசியம். நம் ஊர் வெயில் பழகியவர்கள்தானே என்று இருந்துவிட வேண்டாம். அங்கே காற்று வறண்டிருப்பதால் வியர்ப்பதே தெரியாமல் உடல்நீர் வற்றிவிடும். உள்ளே மணல் தூவிக்கொண்டே இருக்கும் என்பதால் ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் அணிவது நல்லது. சேலையைக் காட்டிலும் சுடிதார் வசதி. காலுக்கு மூடிய காலணி வேண்டும்.

நம் பக்கத்தில் இதுபோல் உண்டா என்ற கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. நேரான விடை, இல்லை என்பதே. திருமயம் கோட்டை நிற்கும் குன்று, குன்றக்குடி மலை, நார்த்தாமலை, பிரான்மலை ஆகியவை எல்லாம் மிகப் பழமையான கடினப் பாறைகள். நவஹோ மணற்கல்லைவிடப் பன்மடங்கு வயதானவை. மணலைச் சுமந்த வெள்ளம் இவற்றை அறுக்க வேண்டுமானால் பெரும் ஆறும் நல்ல சரிவும் வேண்டும். நமக்கோ சரிவு மிகக் குறைவு. மணிமுத்தாறும் பாம்பாறும் மழைக்காலத்தில் ஓடி மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும் ஆறுகள். ஆகவே நம் பாறைகள் உள்ளிருந்து அறுபடாமல், வெங்காயம் உரிவதுபோல் மேலிருந்து தோல்தோலாக உரிகின்றன. திருமயம் குன்றின் மேல் ஏறிப் பார்த்தால், பாறைத் தகடு ஒன்று பெயர்ந்து சரிவில் படுத்திருப்பதையும், விளிம்புகள் மழுங்கி உருண்டைப் பாறைகள் நிற்பதையும் காணலாம். நார்த்தாமலைச் சுனைகளின் அருகில் உட்கார்ந்து பாருங்கள். ஓடாமல் தேங்கி நிற்கும் நீர் பாறையை எப்படிப் பள்ளமாக்குகிறது என்பது தெரியும். அமெரிக்காவில் பார்க்கப்போவது ஓடும் நீரின் வேலை. இது நிற்கும் நீரின் வேலை. இரண்டையும் பார்த்தவருக்கு மூன்றாவது பாறை தானாகப் பேசும்.

ஓடும் நீரின் வேலையைத் தமிழ்நாட்டிலேயே பார்க்கவேண்டுமானால் பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊருக்குப் போகலாம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலடிக் களிமண் இப்போது தரிசாக வெளிப்பட்டு, மழைநீரால் நூற்றுக்கணக்கான சிறு ஓடைகளாக அரிக்கப்பட்டுக் கிடக்கிறது. களிமண் என்பதால் சுவர்கள் நிற்காமல் சரிந்து கூம்புகளாகிவிடுகின்றன. அதனால் அங்கே இடுக்கு உருவாகவில்லை. அறுப்பதும் சரிவதும் ஒரே வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே கண்ணால் காணலாம். ஆந்திராவில் கண்டிக்கோட்டையில் பெண்ணாறு அறுத்த பள்ளத்தாக்கும் சிவந்த அடுக்குப் பாறைதான். கம்பீரமானது, ஆனால் அகலமானது, அதை இடுக்கு என்று சொல்லமுடியாது.

வெளிநாட்டில் இன்னொன்று பார்க்க விரும்பினால், ஜோர்டானில் பெட்ரா என்னும் பழைய நகருக்குச் செல்லும் ‘சிக்’ என்னும் வழி இருக்கிறது. 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள மணற்கல் இடுக்கு. அது முதலில் நில அசைவால் பாறை பிளந்து உண்டானது, பிறகு நீர் அதை வழவழப்பாக்கியது. அதற்குப் ‘பிளவு’ என்ற சொல் பொருந்தும். அங்கே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த நபடேயர்கள், வெள்ளம் நகருக்குள் புகாதபடி வாயிலில் அணை கட்டி, மலையைக் குடைந்து ஒரு சுரங்க வழியில் நீரைத் திருப்பிவிட்டார்கள். குடிப்பதற்கு வேண்டிய நீரைச் சுவரோரம் வாய்க்கால் வெட்டிக் கொண்டுபோனார்கள். மழைத்துளி வீணாகாமல் ஊருணிக்கு வழி அமைத்த நம் முன்னோர் அதைப் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்கள்.

மகன் இளைஞர், இதைப் பார்த்துவிட்டு, வழிகாட்டியில்லாமல் போகக்கூடிய மற்ற இடுக்குகளுக்கும் போகத் தோன்றும். யூட்டாவில் சியோன் தேசியப் பூங்காவில் 2015 செப்டம்பரில், அனுபவம் தேடி இறங்கிய ஏழு பேர் ஒரே வெள்ளத்தில் இறந்தார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்குமான வானிலை அறிவிப்பைப் பார்க்காமல், தலைக்கு மேலே தெரியும் வானத்தை மட்டும் நம்பி எந்த இடுக்கிலும் இறங்கக்கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தாய் சொன்னால் கேட்பார்.

பயணத் தேதியை மாற்ற முடிந்ததா என்பதை எழுதுங்கள், ஆச்சி. மே மாதம் என்று முடிவானால், மேல் இடுக்குக்கான பதிவை இரண்டு மூன்று மாதம் முன்பே செய்துவிட வேண்டியிருக்கும்.